கருவின் மூளைக்கு உருவம் கொடுப்பது எது? செல் சட்டகப் புரதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவின் மூளை வளர்ச்சி என்றாலே மரபணு, சத்துணவு, நியூரான் எண்ணிக்கை என்றுதான் பேச்சு போகிறது. ஆனால் ஒரு தட்டையான செல் படலம் குழாயாகச் சுருள வேண்டுமானால் அதை யாராவது இழுத்தாக வேண்டும். குழாயின் உட்சுவரில் பிறந்த நியூரான் புறப்பகுதிக்குப் போக வேண்டுமானால் அதை நகர்த்தியாக வேண்டும். அந்த உடலுழைப்பைச் செய்யும் புரதங்களைப் பற்றியது இந்தப் பக்கம். மருத்துவ ஆலோசனைக்கு இது மாற்று அல்ல.

செல் சட்டகம் என்றால் என்ன?

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரத இழைகளால் ஆன ஒரு கட்டமைப்பு இருக்கிறது. அதில் மூன்று வகை உண்டு. ஆக்டின் இழைதான் மிக மெல்லியது, சுமார் 7 நானோமீட்டர். நுண்குழல் சுமார் 25 நானோமீட்டர் தடிமன். உள்ளே வெற்றிடம், சுவர் முழுக்க டியூபுலின் என்ற புரதம். இரண்டுக்கும் நடுவே 10 நானோமீட்டர் அளவில் இடைநிலை இழைகள். கரு மூளையின் கதையில் பெரும் பங்கு முதல் இரண்டுக்கும்தான், அதனால் மூன்றாவதை இங்கே விட்டுவிடுகிறேன்.

சட்டகம் என்றதும் அசையாத ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த இழைகள் நிமிடக் கணக்கில் வளர்கின்றன, கரைகின்றன, வேறு இடத்தில் மறுபடி முளைக்கின்றன. கூடவே மோட்டார் புரதங்களும் உண்டு. மையோசின் ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கும். நம் தசை சுருங்குவதும் இந்தக் குடும்பத்தால்தான். டைனீனும் கைனீசினும் நுண்குழல் மேல் சரக்கு சுமந்து போகும்; பெரும்பாலும் டைனீன் ஒரு திசையில் போனால் கைனீசின் எதிர்த்திசையில்.

மூளை உருவாவது எப்போது தொடங்குகிறது?

கருத்தரித்த மூன்றாவது வாரத்தில். கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு தடித்த தகடு தோன்றும். அதற்கு நரம்புத் தகடு என்று பெயர். அதன் இரு ஓரங்களும் மேலெழும்பி, நடுவில் பள்ளம் விழுந்து, ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளும். அதுதான் நரம்புக் குழாய். முன்பகுதி மூளையாகவும் பின்பகுதி முதுகுத் தண்டுவடமாகவும் ஆகும். மனிதக் கருவில் ஒட்டும் வேலை ஏறக்குறைய 22ஆம் நாளில் தொடங்குகிறது. முன்முனை 25ஆம் நாள் வாக்கிலும் பின்முனை 28ஆம் நாளுக்குள்ளும் மூடிவிடும்.

இந்த நாள் கணக்கு கருத்தரிப்பிலிருந்து. மருத்துவர்கள் வாரம் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. ஆகவே அவர்கள் ‘ஆறு வாரம்’ என்று சொல்லும்போது குழாய் மூடும் வேலை முடிந்திருக்கும். நாள் தள்ளிப் போயிருக்கிறதே என்று வீட்டில் பரிசோதனை செய்து பார்க்கும் நேரத்தில் அது தொடங்கும் தறுவாயில் இருக்கும், அல்லது தொடங்கியே இருக்கும்.

தட்டையான தகட்டை வளைப்பது எது?

சுற்றியுள்ள திசுக்கள் இரு பக்கமும் அழுத்துவதால் அது மடிகிறது என்பது பழைய விளக்கம். 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் ஹிஸ் ரப்பர் குழாயை வளைத்துக் காட்டியே மூளையின் வளைவுகளை விளக்க முயன்றார். 1947இல் வாரன் லூயிஸ் பித்தளைத் துண்டுகளையும் ரப்பர் பேண்டுகளையும் கோத்து ஒரு மாதிரி செய்தார். வரிசையாக நிற்கும் செல்களின் ஒரு பக்க இழுவிசையைக் கூட்டினால் வெளியிலிருந்து யாரும் தொடாமலே வரிசை முழுதும் வளைகிறது என்பதை அது காட்டியது. அந்த ரப்பர் பேண்டு செல்லுக்குள் எது என்பதற்கு விடை 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிடைத்தது. நீர்நில உயிரிகளின் நரம்புத் தகட்டுச் செல்களில், மேல்முனையைச் சுற்றி மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாக ஓடுவதை 1967இல் பேக்கரும் ஷ்ரோடரும் விவரித்தார்கள். அவை ஆக்டின் இழைகள்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பைதான் இதற்குச் சரியான உவமை. கயிற்றை இழுத்தால் வாய் குறுகும், அடி அப்படியே இருக்கும். செல்லின் மேல்முனையில் வளையமாக ஓடும் ஆக்டின் இழைகளை மையோசின் இழுக்கும்போது, தூண் போல நின்ற செல் ஆப்பு வடிவத்துக்கு மாறுகிறது. பக்கத்துச் செல்களோடு அது இறுகப் பிணைந்திருப்பதால், நூற்றுக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் இப்படி மாறும்போது தகடு பள்ளமாகிறது. இழுப்பும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. கொஞ்சம் சுருங்கி, அந்த நிலையைப் பிடித்து நிறுத்தி, மறுபடி கொஞ்சம் சுருங்கி என்று துடிப்புத் துடிப்பாக நடக்கிறது.

எந்தச் செல் சுருங்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ஆக்டினும் மையோசினும் எல்லாச் செல்லிலும் இருக்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் சுருங்கினால் உருவம் எதுவும் வராது. அதனால் ‘இங்கே, இப்போது’ என்று இடம் காட்டும் புரதம் ஒன்று வேண்டும்.

1999இல் ஹில்டிபிராண்டும் சொரியானோவும் ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதான எலிக் கருக்களைப் பற்றி எழுதினார்கள். அவற்றின் தலைப்பகுதியில் நரம்புத் தகட்டின் ஓரங்கள் உள்நோக்கி மடியாமல் வெளிப்பக்கமாகக் காளான் குடை போல விரிந்து கிடந்தன. ஆங்கிலத்தில் காளானைக் குறிக்கும் சொல்லின் பின்பாதியை எடுத்து அந்த மரபணுவுக்கு ‘ஷ்ரூம்’ என்று பெயர் வைத்தார்கள்; இன்று ஷ்ரூம்3 என்கிறோம். இந்தப் புரதம் செல்லின் மேல்முனையில் ஆக்டினைப் பிடித்துக்கொண்டு, ‘ராக்’ என்ற நொதியை அங்கே வரவழைக்கிறது. ராக் மையோசினைத் தூண்டிவிடுகிறது. மேல்முனை குறுகுகிறது. சாதாரணமாக வடிவம் மாறாத செல்களில் ஷ்ரூமை மட்டும் உற்பத்தி செய்ய வைத்தாலும் அவற்றின் மேல்முனை குறுகிவிடுகிறது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரு மரபணுவுக்கும் ஓர் உருவ மாற்றத்துக்கும் இடையிலுள்ள சங்கிலி இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடங்கள் கருவியலில் அதிகமில்லை.

அப்படியானால் ஆக்டின் இல்லாமல் குழாய் மூடவே மூடாதா?

பாடப்புத்தகங்கள் ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போகும் இடம் இது. எலியின் தலைப்பகுதியில் ஆக்டின் கட்டாயம் தேவை. இழைகளைக் குலைக்கும் சைட்டோகலாசின் என்ற பொருளைக் கொடுத்தால் அங்கே மூடல் நின்றுவிடும். ஆக்டின் இழைகளோடு வேலை செய்யும் கோஃபிலின், வின்குலின் போன்ற புரதங்கள் இல்லாத எலிகளிலும் தலைப்பகுதி திறந்தே கிடக்கும். ஆனால் அதே எலியின் முதுகுப் பகுதியில் ஆக்டினைக் குலைத்த பிறகும் தகடு வளைகிறது; இதை 1999இல் லண்டனில் இபோட்-கோன்சலஸும் ஆண்ட்ரூ காப்பும் காட்டினார்கள். அங்கே வேறு உத்தி வேலை செய்கிறது. நடுக்கோட்டுச் செல்களின் உட்கரு அடிப்பக்கம் தங்கி, அடியைத் தடிக்கச் செய்து, செல்லை ஆப்பு வடிவத்துக்குக் கொண்டுவருகிறது.

இதற்கெல்லாம் முன்பே இன்னொரு வேலை நடந்திருக்க வேண்டும். அகலமான தகடு குறுகி நீள வேண்டும். செல்கள் பக்கவாட்டிலிருந்து நடுக்கோட்டை நோக்கி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரிசை மாற்றிக்கொள்வதால் இது நடக்கிறது. இதற்குத் திசை காட்டும் வாங்கிள்2 என்ற மரபணு இரு பிரதியும் பழுதான எலிகளில் தகடு அகலமாகவே நின்றுவிடும். ஓரங்கள் ஒன்றையொன்று எட்டாமல், மூளையின் பின்பகுதி தொடங்கி முதுகின் அடி வரை குழாய் திறந்தே இருக்கும்.

நுண்குழல்கள் இந்தக் கட்டத்தில் என்ன செய்கின்றன?

செல்லை நெட்டையாக்குகின்றன. மேல்முனை குறுகும் முன் செல் உயர வேண்டும். நுண்குழல்கள் செல்லின் உயரவாக்கில் அணிவகுத்து அதைச் செய்கின்றன. இந்த அணிவகுப்பிலும் ஷ்ரூமுக்குப் பங்கு உண்டு என்று தவளைக் கருக்களில் பார்த்திருக்கிறார்கள்.

டியூபுலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையில் நம் ஊர்ச் செடிக்கும் சம்பந்தமுள்ள ஒரு பொருள் வருகிறது. 1967இல் கேரி போரிஸியும் எட்வின் டெய்லரும் கால்சிசின் என்ற நஞ்சு செல்லுக்குள் எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று தேடிப்போய்த்தான் அந்தப் புரதத்தைப் பிடித்தார்கள். அதே கால்சிசின் செங்காந்தளில் இருக்கிறது. நம் மாநில மலர். கொங்குப் பகுதியில் கண்வலிக் கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுவது இதைத்தான். கிழங்கும் விதையும் உயிரைப் பறிக்கும் நஞ்சாவதற்கு முக்கியக் காரணம், அது நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுப்பது.

குழாய் மூடிய பிறகு மூளைக்குத் தனித்தனி அறைகள் எப்படி வருகின்றன?

குழாயின் முன்பகுதி முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்று மூன்றாக உப்பும். நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையே ஒரு கூர்மையான மடிப்பு விழும். வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடி போல ஊடுருவிப் பார்க்கக்கூடியது என்பதால் இதை உயிரோடு கவனிக்க முடிகிறது. அங்கே செல்களின் மேல்முனை குறுகவில்லை; அடிமுனை குறுகுகிறது. 2008இல் ஹேசல் சைவ் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு பலருக்கு வியப்பாக இருந்தது. அடிமுனை குறுக, அதற்குக் கீழேயுள்ள லாமினின் படலம் தேவை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தசையல்லாத மையோசினின் இரு வகைகளும் அந்த மடிப்பில் ஆளுக்கொரு வேலை செய்கின்றன என்பது பிறகு வந்த செய்தி.

ஆனால் எல்லாப் பெருமையையும் செல் சட்டகத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தமும் மூளையை உப்ப வைக்கிறது. 1970களில் கோழிக்கருவின் மூளைக்குள் நுண்குழாய் செருகித் திரவத்தை வடித்துவிட்டபோது மூளை சிறுத்துப் போனது.

மனித மூளை இவ்வளவு பெரிதானதற்கும் செல்லின் வடிவத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்று நினைக்க நல்ல சான்று இருக்கிறது. மூலச்செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் கடுகளவு மூளைத் திசுவை ஆர்கனாய்டு என்கிறார்கள். மேடலின் லங்காஸ்டரும் யுர்கன் நோப்லிக்கும் 2013இல் வியன்னாவில் இதைப் பிரபலமாக்கினார்கள். 2021இல் கேம்பிரிட்ஜில் லங்காஸ்டர் குழு மனிதன், சிம்பன்சி, கொரில்லா ஆகிய மூன்றின் ஆர்கனாய்டுகளையும் ஒப்பிட்டது. ஆரம்பநிலைச் செல்கள் தடித்த தூண் வடிவத்தில் இருக்கும் வரை வேகமாகப் பெருகும். மெலிந்து நீண்ட பிறகு பெருகும் வேகம் குறையும். கொரில்லாவில் இந்த மாற்றத்துக்குச் சுமார் 5 நாள், மனிதனில் சுமார் 7 நாள். செல் வடிவம் மாற இரண்டு நாள் தாமதித்தால், பெருகுவதற்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. மூளை அளவின் முழு ரகசியமும் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘மனித மூளை மரபணு’ என்று ஒன்றைத் தேடி அலைவதைவிட இது உருப்படியான பாதையாகப் படுகிறது.

தலை சிறுத்துப் பிறப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பல காரணங்களில் ஒன்றுதான் இது. பிறவிச் சிறுதலையில் மரபுவழி வரும் ஒரு வகை உண்டு. அதற்குக் காரணமான ஏஎஸ்பிஎம், டபிள்யூடிஆர்62, சிடிகே5ஆர்ஏபி2 போன்ற மரபணுக்களில் பெரும்பாலானவை செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல் கதிரோடும் அதை நிறுவும் சென்ட்ரோசோமோடும் சம்பந்தப்பட்டவை. கதிர் ஒழுங்காக நிற்காவிட்டால் மூலச்செல் தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்குவது குறைந்து, சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டமைப்பு ஏறக்குறைய சரியாக இருக்கும். அளவு சிறுத்துப் போகும்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இது வெளிப்படும். ஆகவே சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகமுள்ள சமூகங்களில் கூடுதலாகத் தெரிகிறது. ஏஎஸ்பிஎம் உள்ளிட்ட பல மரபணுக்களைக் கண்டுபிடிக்க உதவியவை பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்கள். அத்தை மகன், தாய்மாமன் முறையில் பெண் கொடுக்கும் நம் வழக்கத்துக்கும் அதே கணக்குப் பொருந்தும்.

நியூரான்கள் நகர்கின்றன என்கிறீர்களே, எப்படி?

நியூரான் பிறப்பது குழாயின் உட்சுவரில். குடியிருக்க வேண்டியது வெளிப்புறப் புறணியில். நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க, சுவரின் உள்ளிருந்து வெளி வரை நீண்டிருக்கும் மூலச்செல் இழைகளைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இதைக் குரங்குக் கருக்களில் 1970களின் தொடக்கத்தில் விவரித்தவர் பாஸ்கோ ராகிச். ஏறும் விதம் விசித்திரமானது. முதலில் ஒரு மெல்லிய நீட்சி முன்னே போகும். பிறகு சென்ட்ரோசோம் அதற்குள் நகரும். கடைசியாக, செல்லிலேயே கனமான பொருளான உட்கரு, நுண்குழல்கள் வழியாக டைனீனால் முன்னே இழுக்கப்படும். பின்னாலிருந்து ஆக்டின்–மையோசின் நெருக்கித் தள்ளும். இழு, நில், இழு என்றுதான் பயணம்.

உட்கருவை இழுக்க முடியாவிட்டால் நியூரான் பாதியிலேயே நின்றுவிடும். 1993இல் அடையாளம் காணப்பட்ட லிஸ்1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது டைனீனின் உதவியாளர். அதன் இரு பிரதிகளில் ஒன்று போனாலே போதும், புறணி தடித்து, மடிப்புகள் இல்லாமல் வழவழவென்று ஆகிவிடும். இதற்கு லிஸன்செஃபலி என்று பெயர். லிஸ்1இன் வேலை என்ன என்பதற்கு முதல் குறிப்பு மூளை ஆய்விலிருந்து வரவில்லை. ஒரு பூஞ்சைக்காளானிலிருந்து வந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையின் நீண்ட இழைகளில் உட்கருக்கள் சீராகப் பரவ வேண்டும். பரவாத ரகங்களில் பழுதான மரபணு ஒன்று லிஸ்1இன் நெருங்கிய உறவு என்று 1995இல் தெரிந்தது. பூஞ்சையிலும் குழந்தையின் மூளையிலும் உட்கருவை நகர்த்த ஒரே புரதம்.

1998இல் டபுள்கார்ட்டின் மரபணு கிடைத்தது. இதன் புரதம் நுண்குழல்களை நிலைப்படுத்துகிறது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆண் குழந்தைக்கு லிஸன்செஃபலி வரும். பெண்ணிடம் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒரு எக்ஸ்தான் வேலை செய்யும். நல்ல பிரதி வேலை செய்யும் நியூரான்கள் ஊர் போய்ச் சேரும். மற்றவை நடுவழியில் தங்கி, புறணிக்கு அடியில் இரண்டாவது புறணி போல ஒரு பட்டை உண்டாகும். எம்ஆர்ஐ படத்தில் இதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2007இல் டியூபுலின் மரபணுக்களில் ஒன்றான டியூபா1ஏ இதே பட்டியலில் சேர்ந்தது. ஆக்டினைப் பிணைக்கும் ஃபிலமின் ஏ பழுதானால் நியூரான்கள் சில புறப்படாமலேயே உட்சுவரோரம் முடிச்சுகளாகத் தங்கும். ஆக்டின் மரபணுக்களிலேயே பழுது வந்தால் ஏற்படுவது பரைட்சர்–விண்டர் நோய்க்குறி.

இந்தக் குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் உண்டு. பட்டை மெல்லியதாக உள்ள பெண்களில் சிலருக்கு வலிப்பு மட்டும், அதுவும் வளர்ந்த பிறகு வரலாம்.

மூளையின் மேடு பள்ளங்களையும் ஆக்டின்தான் சுருக்குகிறதா?

நேரடியாக இல்லை. புறணி வேகமாக விரிய, உள்ளே இருப்பது அந்த வேகத்துக்கு விரியாததால் மேற்பரப்பு மடிகிறது என்பதுதான் இன்று வலுவான விளக்கம்; 2016இல் ஜெல் கொண்டு செய்த மாதிரி மூளை ஒன்று திரவத்தில் ஊறியதும் அப்படியே மடிந்தது. ஆனாலும் செல் சட்டகத்துக்கு மறைமுகப் பங்கு உண்டு. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஓர்லி ரைனர் குழு, லிஸ்1 பழுதான ஆர்கனாய்டுகள் குறைவாகவே மடிகின்றன என்று காட்டியது. 1993இல் லிஸ்1ஐக் கண்டுபிடித்தவர்களில் ரைனரும் ஒருவர்.

இந்தக் காலகட்டத்து மனித மூளையைச் செல் அளவில் பார்க்க விரும்புபவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் ‘தரணி’ என்ற தொகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. இரண்டாம் மும்மாதக் கரு மூளைகளின் 5,132 வெட்டுப் படங்கள் அதில் இருக்கின்றன.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை இதையெல்லாம் தடுக்குமா?

நரம்புக் குழாய்க் குறைபாடுகளை, அதாவது குழாய் சரியாக மூடாததால் வரும் குறைகளை, பெருமளவு தடுக்கும். முன்பு ஒரு முறை பாதிக்கப்பட்ட கர்ப்பம் கண்ட பெண்களிடம் பிரிட்டன் தலைமையில் 7 நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரை 400 மைக்ரோகிராம். கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். காரணம் மேலே சொன்ன நாள் கணக்கு. முன்பு பாதிப்பு இருந்தவர்களுக்கு அதிக அளவு தேவை. அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

லிஸன்செஃபலியையோ டியூபுலின் பழுதையோ இந்த மாத்திரை தடுக்காது. ‘ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது’ என்று தாயைக் குறை சொல்வதற்கு அங்கே இடமே இல்லை.

வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்து குழாய்க் குறைபாட்டின் வாய்ப்பை 1–2 விழுக்காடாகக் கூட்டுகிறது. அதற்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி மாற்ற வேண்டும்.

ஸ்கேனில் எப்போது தெரியும்?

மண்டை ஓடு மூடாத குறைபாட்டைப் பெரும்பாலும் 11–14 வார ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம். முதுகுத் தண்டுப் பிளவு பெரும்பாலும் 18–20 வார ஸ்கேனில் தெரியும். லிஸன்செஃபலி அப்படியல்ல. 20 வாரத்தில் எல்லாக் குழந்தையின் மூளையும் பெரும்பாலும் வழவழப்பாகத்தான் இருக்கும். ஆகவே அந்த ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்து, பிறகு குறை தெரிந்தால் ஸ்கேன் பார்த்தவர் தவறு செய்துவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மூன்றாம் மும்மாதத்தில் கருவுக்கே எம்ஆர்ஐ எடுக்கலாம்.

ஒரு குழந்தைக்கு இப்படி இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வருமா?

எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. டியூபா1ஏ பழுது பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. மீண்டும் வரும் வாய்ப்பு குறைவு, பூஜ்யம் அல்ல. டபுள்கார்ட்டின் பழுது தாயிடம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக 50 விழுக்காடு வாய்ப்பு. மகன்களில் கடுமையாக வெளிப்படும். ஏஎஸ்பிஎம் வகைச் சிறுதலையில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 விழுக்காடு. லிஸ்1 இருக்கும் 17ஆம் குரோமோசோமின் நுனியே அறுந்திருந்தால் பெற்றோர் இருவரின் குரோமோசோமையும் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவரிடம் துண்டுகள் இடம் மாறி, ஆனால் எதுவும் குறையாமல் இருக்கலாம்.

‘மூளை வளர்ச்சிக் குறைவு’ என்று மட்டும் எழுதிய சான்றிதழ் இந்தக் கேள்விக்கு உதவாது. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் மரபணுவின் பெயரும் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்ற குறியீடும் இருக்கும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கர்ப்பத்தில் 11–13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.